கடைசி ரூமுக்கும் வைஃபை: பரண்ல கிடக்கிற பழைய ரூட்டரே போதும்

பெரும்பாலான வீட்டுல வைஃபை பெட்டி வாசக்கதவுப் பக்கத்து ஜன்னல்ல இருக்கும், இல்லேன்னா டிவி ஸ்டாண்டு மேல இருக்கும். ஃபைபர் இழுக்க வர்றவங்க, வயர் வீட்டுக்குள்ள நுழையற இடத்துலயே பெட்டியை மாட்டிட்டுக் கிளம்பிடுவாங்க. அவங்களுக்கு அது சுலபம். ஹால் சோபாவுல உட்கார்ந்து ரீல்ஸ் பாக்கிறவருக்கு முழு சிக்னல். பின்கட்டு ரூம்ல பரீட்சைக்குப் படிக்கிற பொண்ணுக்கு, சமையல்கட்டுல அடுப்பைப் பாத்துக்கிட்டே வெளியூர் மகனோட வீடியோ கால்ல பேசற அம்மாவுக்கு, மாடி ரூம்ல ஆபீஸ் வேலை பாக்கிற உனக்கு ஒரு கோடு வந்து வந்து போகும். எனக்கு இது சின்ன விஷயமாத் தெரியலை, தங்கச்சி. பில் முழு வீட்டுக்கும் சேர்த்துத்தானே கட்டறோம்? கடைசி ரூம்ல இருக்கிறவங்க ஏன் போனைத் தூக்கிட்டு ஹாலுக்கு ஓடி வரணும்?

கடையில கேட்டா ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் வாங்கு, மெஷ் செட் வாங்குன்னு சொல்லுவாங்க. அதெல்லாம் நல்ல பொருள்தான். ஆனா கைக்காசைப் போடறதுக்கு முன்னாடி பரணை ஒருதடவை பாரு. டெலிபோன் லைன்ல பிராட்பேண்ட் வந்த காலத்து மோடம், நெட் கம்பெனி மாத்தினப்போ மிச்சமான ரூட்டர், தம்பி ஹாஸ்டல்ல இருந்து மூட்டையோட கொண்டு வந்தது, இப்படி ஏதாவது ஒண்ணு பழைய ரிமோட்டு, சார்ஜரோட கவர்ல கட்டிக் கிடக்கும். அந்த ரூட்டரும் ஒரு நீளமான கேபிளும் இருந்தா, காத்துல சிக்னலைப் பிடிச்சு நீட்டிக் கொடுக்கிற எக்ஸ்டெண்டரை விட நிலையான நெட்டு அந்த ரூமுக்குக் கிடைக்கும்.

முதல்ல இருக்கிற பெட்டியை நகர்த்திப் பாரு

செலவே இல்லாத வழி இது, அதனால இதை முதல்ல பண்ணு. ரூட்டர் டிவி கேபினெட்டுக்குள்ள இருந்தா வெளியே எடு. பீரோவுக்குப் பின்னாடி, ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துல, நிலைக்கண்ணாடிக்குப் பின்னாடி இருந்தா இடம் மாத்து. இரும்பும் கண்ணாடியில பூசின ரசமும் சிக்னலைத் தடுத்துத் திருப்பி விட்டுடும். தரையில வைக்காம, ஆள் உயரத்துக்கு மேல திறந்த இடத்துல வை. மைக்ரோவேவ் அடுப்புக்குப் பக்கத்துல கூடவே கூடாது. அந்த அடுப்பும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் வேலை செய்யுது. அது ஓடற நேரம் பக்கத்துல இருக்கிற வைஃபை தடுமாறும்.

ஒரு எச்சரிக்கை. பெட்டிக்குள்ள வர்ற மெல்லிசான ஃபைபர் வயரை இழுக்காதே, கூர்மையா மடிக்காதே. உள்ளே இருக்கிறது கண்ணாடி இழை. வயர் நீளம் இருக்கிற அளவுக்கு மட்டும் பெட்டியை நகர்த்து. அதுக்கு மேல தள்ளி வைக்கணும்னா கம்பெனி ஆளைக் கூப்பிடு.

நகர்த்தின பிறகும் கடைசி ரூம் மங்கலாத்தான் இருக்கான்னு கண்ணால கணக்குப் போடாதே, அளந்து பாரு. ஆண்ட்ராய்டு போன்ல வைஃபை அனலைசர் மாதிரி ஒரு ஆப் போட்டா, சிக்னலை மைனஸ் எண்ணாக் காட்டும். மைனஸ் 50 பக்கம் இருந்தா பிரமாதம். மைனஸ் 67 வரைக்கும் வீடியோ கால் ஒழுங்கா ஓடும். மைனஸ் 80னு காட்டினா மெசேஜ் போகும், வீடியோ நிக்கும். ஒவ்வொரு ரூமா நடந்து, கதவைச் சாத்திட்டும் ஒருதடவை பாத்து, ஒரு பேப்பர்ல எழுதிக்கோ. நம்ம பக்கத்து வீடுகள்ல ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர், மேல கம்பி கட்டின கான்கிரீட் தளம். ரெண்டு சுவர் தாண்டினா எண் எப்படி இறங்குதுன்னு நீயே பாப்பே. 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானதுதான், ஆனா சுவரைத் தாண்டறதுல 2.4ஐ விட ரொம்பப் பலவீனம். "5ஜி-ன்னு முடியற பேர்ல கனெக்ட் பண்ணினா பெட்ரூம்ல கட் ஆகுது"ன்னு நிறைய பேர் சொல்றதுக்கு இதுதான் காரணம்.

எந்தப் பழைய பெட்டி தேறும்?

பெட்டியைத் திருப்பி அடியில இருக்கிற ஸ்டிக்கரைப் படி. பவர் எவ்வளவு வேணும்னு அதுல போட்டிருக்கும்: 9 வோல்ட் 0.6 ஆம்ப், 12 வோல்ட் 1 ஆம்ப், இப்படி. அடாப்டர் தொலைஞ்சு போயிருந்தா, பின் பொருந்துதுன்னு கையில கிடைச்சதைச் சொருகிடாதே. வோல்ட் அப்படியே சரியா இருக்கணும். ஆம்ப் அதே அளவோ அதுக்கு மேலயோ இருக்கலாம், குறையக் கூடாது. பின்னோட உள்பக்கம் பிளஸ்ஸா மைனஸ்ஸான்னு காட்டற வட்டக்குறி ரெண்டு ஸ்டிக்கர்லயும் ஒண்ணா இருக்கணும். 9 வோல்ட் ரூட்டருக்கு 12 வோல்ட் கொடுத்தா அது போய்ச் சேர்ந்துடலாம். ஆம்ப் குறைஞ்ச அடாப்டரைப் போட்டா ரூட்டர் அப்பப்போ தானா அணைஞ்சு எரியும். அதைப் பாத்துட்டு ரூட்டரே ரிப்பேர்னு தூக்கிப் போடறவங்க உண்டு.

டெலிபோன் லைன் மோடமா இருந்தாலும் தள்ளிடாதே. போன் வயர் சொருகற சின்ன ஓட்டையைக் காலியா விட்டுட்டு, மத்த நாலு லேன் போர்ட்டையும் வைஃபையையும் தாராளமா உபயோகிக்கலாம். வைஃபையே இல்லாத மோடமாக்கூட இருக்கட்டும். டிவி, டெஸ்க்டாப், கேமரா பெட்டி மூணும் ஒரே மூலையில இருந்தா, அங்கே அது ஒரு நாலு போர்ட் சுவிட்சா உட்காரும்.

வேகத்தைப் பத்தி இங்கேயே சொல்லிடறேன், அப்புறம் ஏமாந்துடக் கூடாது. அட்டைப்பெட்டி மேல 300னு கொட்டை எழுத்துல போட்டிருக்கும். ஆனா பழைய ரூட்டர்கள்ல பலதுக்கும் லேன் போர்ட் 100 எம்.பிதான், அதுல கைக்கு வர்றது 94 பக்கம். வைஃபைல அதுக்கும் கீழேதான் வரும். அதனால உன் பிளான் 300 எம்.பியா இருந்தாலும் அந்த ரூம்ல 300 வராது. அது தேவையும் இல்லை. முழு எச்.டி படம் பாக்க நெட்ஃபிளிக்ஸ் கேக்கறது 5 எம்.பி, 4கே-க்கு 15. ஆன்லைன் கிளாஸுக்கு நாலு எம்.பி தடையில்லாம வந்தாலே தாராளம். தேவைப்படறது அறுபடாத நெட்டு. அதை இந்தப் பழைய பெட்டி கொடுக்கும்.

ஒரே ஒரு விஷயத்துல மட்டும் நான் கறாரா இருப்பேன். செக்யூரிட்டி பக்கத்துல டபிள்யூ.பி.ஏ.2 இல்லாம, டபிள்யூ.ஈ.பி மட்டும் காட்டற ரூட்டரா இருந்தா வைஃபைக்கு உபயோகிக்காதே. அந்தப் பழைய பூட்டை உடைக்கிறது இன்னைக்கு நிமிஷ வேலை. வைஃபையை அணைச்சுட்டு சுவிட்சா மட்டும் வச்சுக்கோ.

வயர்தான் இதுல முக்கால்வாசி

செட்டிங்ஸைப் பாத்துத்தான் எல்லாரும் பயப்படுவாங்க. உண்மையில சிரமம் கேபிள் இழுக்கிறதுல இருக்கு. இதை ஒழுங்காப் பண்ணிட்டா மீதி எல்லாம் உட்கார்ந்த இடத்துல முடிஞ்சுடும்.

கடையில கேட்-5இ இல்லேன்னா கேட்-6னு கேளு. வீட்டுக்கு கேட்-5இ-யே போதும், 1000 எம்.பி வரைக்கும் தாங்கும். 100 மீட்டர் நீளம் வரைக்கும் போகலாம், எந்த வீட்டுக்கும் அது மிச்சம். முழுச் செம்பா, இல்லை அலுமினியம் மேல செம்பு பூசினதான்னு கேளு. பூசினது விலை கம்மி, ஆனா ரெண்டு தடவை வளைச்சா உள்ளே முறியும். சுவரோட ஒட்டிக் கிடக்கப் போற வயர், அதுல மிச்சம் பிடிக்காதே. ரூட்டர்ல இருந்து ஜன்னல் ஓரமா, மாடிப்படிச் சுவரோட, கதவு நிலைக்கு மேல, கடைசி ரூம் வரைக்கும் ஒரு நூலை வச்சு அள. வந்த அளவுக்கு மேல ரெண்டு மீட்டர் சேர்த்து வாங்கு. இழுத்துக் கட்டின கேபிள் பின்னால பிடுங்கிக்கிட்டு வரும்.

ரெண்டு முனையிலும் பின் போட்ட ரெடிமேட் கேபிளா வாங்கினா கிரிம்பிங் வேலை மிச்சம். ஆனா அந்தப் பின் சுவர் ஓட்டைக்குள்ள நுழைய ஓட்டையைப் பெருசாப் போடணும். அதனால சுவரைக் குடையறதா இருந்தா வெறும் கேபிளை இழுத்துட்டு அப்புறம் பின் போடு. எலக்ட்ரீஷியனோ கேமரா மாட்டற பையனோ பண்ணிக் கொடுத்துடுவாங்க. நீயே பண்ண ஆசைப்பட்டா, பின்னோட கிளிப் கீழ்ப்பக்கம் பாத்து இருக்கிற மாதிரி பிடிச்சுக்கோ. இடமிருந்து வலமா நிற வரிசை இது: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பிரவுன்-வெள்ளை, பிரவுன். பச்சைக்கும் பச்சை-வெள்ளைக்கும் நடுவுல நீல ஜோடி வர்றதைக் கவனி, அந்த இடத்துலதான் கை தப்பும். ரெண்டு முனையிலும் அதே வரிசை. எட்டு கம்பியும் பின்னோட நுனி வரைக்கும் போய் இடிக்கணும். வெளி உறையும் பின்னுக்குள்ள கொஞ்சம் நுழைஞ்சு கவ்வியிருக்கணும். இல்லேன்னா நாலு நாள்ல லூஸாயிடும். எட்டுல நாலு கம்பிதான் சரியாப் பட்டதுன்னா கேபிள் வேலை செய்யற மாதிரியே இருக்கும், ஆனா 100 எம்.பியைத் தாண்டாது. புது கேபிள் போட்டும் வேகம் 94லயே நின்னா, ரெண்டு பக்கமும் 1000 எம்.பி போர்ட்டான்னு பாரு. ஆமான்னா, பின்னைச் சந்தேகப்படு.

கரண்ட் வயர் போற பைப்புக்குள்ளயே இந்தக் கேபிளையும் நுழைக்கலாமான்னு கேப்பாங்க. வேண்டவே வேண்டாம். உரசி உறை போச்சுன்னா ஆபத்து, சிக்னலுக்கும் கெடுதல். ஒரு சாண் தள்ளித் தனியாக் கொண்டு போ, குறுக்கே கடக்க வேண்டி வந்தா நேர் குறுக்காக் கடக்கட்டும். சுவரோட போறதுக்கு பிளாஸ்டிக் கேசிங் பட்டி அடிச்சா பாக்க நல்லா இருக்கும். வாடகை வீடுன்னா ஆணி கிளிப் போதும், ஓனர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு அடி.

மொட்டை மாடி வழியாவோ வெளிச்சுவர் வழியாவோதான் கொண்டு போக முடியும்னா, வெளிப்பக்கத்துக்குன்னு விக்கிற கறுப்பு உறைக் கேபிள் வாங்கு. வெயில்ல சாதாரண உறை வெடிச்சுடும். சித்திரை கோடை மழையிலயும் ஐப்பசி, கார்த்திகை மழையிலயும் இடி இறங்கற ஊர் நம்மது. மின்னல் வெட்ட ஆரம்பிச்சா ரெண்டு பக்கமும் கேபிளையும் அடாப்டரையும் கழட்டிடணும். செம்புக் கம்பி வழியா வர்ற அதிர்ச்சி ரூட்டரோட நிக்காது, மெயின் பெட்டி, டிவின்னு எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுப் போகும்.

இப்போ செட்டிங்ஸ்

பழைய ரூட்டரை மெயின் பெட்டியோட இன்னும் இணைக்காதே. தனியா மேஜை மேல வச்சு பவர் கொடு. பின்னாடி ரீசெட்னு ஒரு ஊசித்துளை இருக்கும். சிம் எடுக்கிற பின்னை விட்டு பத்து செகண்ட் அழுத்திப் பிடி. விளக்கெல்லாம் ஒருதடவை மின்னி அணைஞ்சு திரும்ப வரும். பழைய கம்பெனி யூசர் ஐடி, யாரோ வச்ச பாஸ்வேர்டு எல்லாம் அழிஞ்சு பெட்டி புதுசாயிடும்.

லேப்டாப் இருந்தா லேன் போர்ட்ல ஒரு சின்ன கேபிள் போட்டு இணை. போன்ல பண்றதா இருந்தா மொபைல் டேட்டாவை முதல்ல ஆஃப் பண்ணு. இந்த வைஃபைல நெட் இல்லைன்னு தெரிஞ்சதும் போன் தானா டேட்டாவுக்குத் தாவிடும், நீ அடிக்கிற அட்ரஸ் திறக்கவே திறக்காது. பாதிப் பேர் இந்த இடத்துலதான் வெறுத்துப் போய் விட்டுடறாங்க.

அடியில இருக்கிற ஸ்டிக்கர்ல அட்ரஸ் இருக்கும். டி-லிங்க், டிபி-லிங்க்ல எல்லாம் பொதுவா 192.168.0.1 இல்லேன்னா 192.168.1.1. பிரவுசர்ல அதை அடிச்சா லாகின் பக்கம் வரும். யூசர்நேமும் பாஸ்வேர்டும் அதே ஸ்டிக்கர்ல போட்டிருக்கும்.

உள்ளே போனதும் முதல்ல "ஆபரேஷன் மோட்"னு ஏதாவது இருக்கான்னு தேடு. அதுல "ஆக்சஸ் பாயிண்ட்"னு இருந்தா உனக்கு யோகம். அதைத் தேர்ந்தெடுத்து, வைஃபை பேரும் பாஸ்வேர்டும் கொடுத்து சேவ் பண்ணிட்டு நேரா கேபிளைச் சொருகலாம். அது இல்லாத பழைய ரூட்டர்னா கையால மூணு மாத்தம் பண்ணணும். நான் சொல்ற வரிசையில பண்ணு. வரிசை மாறினா நடுவுல நீயே வெளியே மாட்டிக்குவே.

முதல்ல வைஃபை பக்கம். பேர், பாஸ்வேர்டு, டபிள்யூ.பி.ஏ.2, அதுல ஏ.ஈ.எஸ். டபிள்யூ.பி.எஸ்-னு ஒண்ணு இருந்தா அணைச்சுடு. எட்டு எண் பின்னை வச்சுத் திறக்கிற வசதி அது, வெளியாள் நுழையறதுக்கும் அதுதான் சுலபமான வழி. கையோட அட்மின் பாஸ்வேர்டையும் மாத்திடு.

அடுத்தது லேன் அட்ரஸ். உன் போன் மெயின் வைஃபைல இருக்கும்போது, அந்த வைஃபை பேரைத் தட்டி விவரம் பாத்தா "கேட்வே"னு ஒரு எண் இருக்கும். அதுதான் மெயின் பெட்டியோட அட்ரஸ். ஜியோ ஃபைபர்னா 192.168.29.1, மத்ததுல பெரும்பாலும் 192.168.1.1. பழைய ரூட்டருக்கு முதல் மூணு எண்ணையும் அப்படியே வச்சு, கடைசி எண்ணை மட்டும் வேறயாக் கொடு: 192.168.29.250, இல்லேன்னா 192.168.1.250. மெயின் பெட்டி மத்த சாதனங்களுக்குக் கொடுக்கிற அட்ரஸ் வரிசைக்குள்ள அந்த 250 வரக்கூடாது. மெயின் பெட்டியில வரிசை 2ல இருந்து 254 வரைக்கும்னு இருந்தா, அதை 200ஓட முடியற மாதிரி மாத்திடு. சேவ் பண்ணினதும் பழைய ரூட்டர் அணைஞ்சு எரியும். திரும்ப உள்ளே போக புது அட்ரஸைத்தான் அடிக்கணும்.

கடைசியா டி.எச்.சி.பி. "டிசேபிள்" கொடு. இது ஏன் முக்கியம்னு சொல்றேன். வீட்டுக்குள்ள வர்ற ஒவ்வொரு போனுக்கும் டிவிக்கும் ஒரு நம்பர் கொடுக்கிற வேலை டி.எச்.சி.பியோடது. டாக்டர் கிளினிக்ல ரெண்டு பேர் தனித்தனியா உட்கார்ந்து ஒண்ணுல இருந்து டோக்கன் கொடுத்தா என்ன குழப்பம் வருமோ, அதே குழப்பம் ரெண்டு ரூட்டரும் நம்பர் கொடுத்தா வரும். சில போனுக்கு நெட் வரும், சிலதுக்கு வராது. இன்னைக்கு வரும், நாளைக்கு நிக்கும். காரணமே புரியாம கம்பெனிக்காரங்களோட சண்டை போட்டுக்கிட்டு இருப்பே. டோக்கன் கொடுக்கிறது மெயின் பெட்டி மட்டும்தான். இதை ஏன் கடைசியில பண்ணச் சொல்றேன்னா, அணைச்ச அப்புறம் தனியா நிக்கிற பழைய ரூட்டர் உன் லேப்டாப்புக்கு நம்பர் கொடுக்காது. வேற ஏதாவது மறந்திருந்தா உள்ளே போறது கஷ்டமாயிடும்.

இந்தப் புது அட்ரஸை ஒரு சின்னப் பேப்பர்ல மார்க்கர்ல எழுதி, பழைய ஸ்டிக்கருக்கு மேலயே ஒட்டிடு. ஆறு மாசம் கழிச்சு யாராவது பாஸ்வேர்டு மாத்தணும்னு வந்தா, கம்பெனி ஸ்டிக்கர்ல இருக்கிற அட்ரஸ் திறக்காது.

இப்போ கேபிள். மெயின் பெட்டியோட ஒரு லேன் போர்ட்ல இருந்து, பழைய ரூட்டரோட லேன் போர்ட்டுக்கு. தனி நிறத்துல தள்ளி இருக்கிற வேன் போர்ட் காலியாவே இருக்கட்டும். அந்த ஓட்டையைப் பாத்தா கை தானா அங்கே போகும், விட்டுடாதே. ஒரே கேபிள்தான். ரெண்டு கேபிள் போட்டா வேகம் ரெட்டிப்பாகும்னு இன்னொண்ணையும் சொருகினா, தகவல் ரெண்டு பெட்டிக்கும் நடுவுல வட்டமா சுத்திச் சுத்தி வந்து வீட்டு நெட் முழுக்க ஸ்தம்பிச்சுடும். விளக்கெல்லாம் வெறி பிடிச்ச மாதிரி மின்னினா, ரெண்டாவது கேபிள் எங்கே இருக்குன்னு தேடு.

போனை அந்த ரூம்ல இணைச்சு, கேட்வே எண்ணைப் பாரு. மெயின் பெட்டியோட எண் காட்டினா எல்லாம் சரி. லேப்டாப்ல 169.254னு ஆரம்பிக்கிற அட்ரஸ் வந்தா அதுக்கு நம்பர் கிடைக்கலைன்னு அர்த்தம். கேபிள் பின்னைப் பாரு, இல்லேன்னா போர்ட்டை மாத்திப் பாரு.

ஒரே பேரா, வேற பேரா?

முதல் ஒரு வாரம் வேற பேர் வை: "வீடு-மாடி", "வீடு-கீழ்". எது எங்கே எட்டுது, எது கட்டாகுதுன்னு தெளிவாத் தெரியும். நல்லா ஓடுதுன்னு ஆன பிறகு ரெண்டுக்கும் ஒரே பேர், ஒரே பாஸ்வேர்டு, ஒரே செக்யூரிட்டி வகை கொடுத்துடு. அம்மா, தாத்தா மாதிரி ஆளுங்க செட்டிங்ஸுக்குள்ள போக வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது. அவங்க ஒரு ரூம்ல இருந்து இன்னொரு ரூமுக்கு நடந்தா போன் தானா மாறிக்கணும். சில போன்கள் பழைய சிக்னலையே கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு மாற மறுக்கும். அதுக்கு, ரெண்டு ரூட்டரையும் ரொம்பப் பக்கத்துல வைக்காம இருக்கிறதும், செட்டிங்ஸ்ல வழி இருந்தா டிரான்ஸ்மிட் பவரைக் கொஞ்சம் குறைக்கிறதும் கைகொடுக்கும். மாடிப்படி ஏறும்போது வீடியோ கால் ஒரு நொடி திக்கும், அது இருக்கத்தான் செய்யும்.

பேர் ஒண்ணா இருந்தாலும் சேனல் வேறயா இருக்கணும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணு மேல ஒண்ணு ஏறாத சேனல் மூணுதான்: 1, 6, 11. மெயின் பெட்டி 1ல இருந்தா, பழையதை 6லயோ 11லயோ வை. அப்பார்ட்மெண்ட்னா பக்கத்து வீட்டுக்காரங்க எதுல இருக்காங்கன்னு அதே அனலைசர் ஆப் காட்டும், காலியா இருக்கிறதைப் பிடி. சேனல் அகலம் 20னு வை. 40 கேக்க நல்லா இருக்கும், ஆனா நெருக்கமான குடியிருப்புல பக்கத்து வீட்டு சிக்னலோட மோதி இருக்கிற வேகமும் போகும்.

கேபிளே இழுக்க முடியாதுன்னா

ஓனர் ஒத்துக்க மாட்டார், சுவரைத் தொடக் கூடாதுன்னா, பழைய ரூட்டர்ல ரிப்பீட்டர் இல்லேன்னா டபிள்யூ.டி.எஸ்-னு இருக்கான்னு பாரு. மெயின் வைஃபையைக் காத்துலயே பிடிச்சுத் திரும்பப் பரப்பும். ஒரே ரேடியோவை வச்சு வாங்கறதும் கொடுக்கிறதும் நடக்கிறதால வேகம் ஏறக்குறைய பாதியாயிடும். எக்ஸ்டெண்டரை விட கேபிள் மேலன்னு முன்னாடி சொன்னதுக்கு இதுதான் காரணம். ரிப்பீட்டரா வச்சா, சிக்னல் செத்துப்போன ரூம்லயே வைக்காதே. அங்கே அதுக்கே பிடிக்க ஒண்ணும் இருக்காது. பாதி வழியில, மைனஸ் 60 பக்கம் காட்டற இடத்துல வை.

மாடிப் போர்ஷன்ல குடித்தனம் வச்சிருந்து அவங்களுக்கும் நெட் பகிர்ந்து கொடுக்கிற வீட்டுக்கு மட்டும் நான் வேற மாதிரி சொல்லுவேன். அங்கே டி.எச்.சி.பியை அணைக்காதே. கேபிளை வேன் போர்ட்லயே சொருகு. அவங்க போன் எல்லாம் தனி நெட்வொர்க்ல இருக்கும், உன் வீட்டு டிவியும் பிரிண்டரும் அவங்க லிஸ்ட்ல வந்து நிக்காது. ஆனா அவங்க பக்கத்துல இருந்து உன் பக்கத்துக்கு முழுப் பூட்டு இது இல்லை, அதனால மெயின் பெட்டியோட அட்மின் பாஸ்வேர்டை மாத்தி வை. ரெண்டு பெட்டிக்கும் லேன் அட்ரஸ் ஒரே 192.168.1.1னு இருந்தா நெட் போகாது, பழையதை 192.168.5.1 மாதிரி மாத்திடணும். சொந்த வீட்டுக்குள்ள இப்படிப் பண்ணாதே. போன்ல இருந்து டிவிக்குப் படம் போட முடியாது, பிரிண்டர் காணாமப் போயிடும்.

கொசுறா சில விஷயம்

கரண்டு பில்லுக்குப் பயப்படாதே. 9 வோல்ட் 0.6 ஆம்ப் பெட்டி முழுசா இழுத்தாலும் மாசத்துக்கு 4 யூனிட் பக்கம்தான் வரும். ஆனா கரண்டு போனா என்ன ஆகும்னு முன்னாடியே யோசி. மெயின் பெட்டிக்கு மட்டும் மினி யூ.பி.எஸ் வச்சிருந்தா ஹால்ல நெட் இருக்கும், கடைசி ரூம் இருட்டோட நிக்கும். மினி யூ.பி.எஸ் வாங்கும்போது 9 வோல்ட்டும் 12 வோல்ட்டும் தனித்தனியா வர்ற மாடலான்னு பாத்து வாங்கு.

ரூட்டர் கம்பெனி சைட்ல அந்த மாடலுக்குக் கடைசியா வந்த ஃபர்ம்வேர் இருந்தா போட்டுடு. 2017ல டபிள்யூ.பி.ஏ.2-லயே கிராக்னு ஒரு ஓட்டை வெளியே தெரிஞ்சது, அதுக்கப்புறம் வந்த அப்டேட்டா இருந்தா நல்லது. ஸ்டிக்கர்ல வெர்ஷன்னு ஒரு எண் இருக்கும். அதே வெர்ஷனுக்கான ஃபைல்தான் போடணும், மாத்திப் போட்டா பெட்டி திரும்ப எழுந்திருக்காது. கேபிள்ல இணைச்சுப் போடு, நடுவுல பவர் போகாம பாத்துக்கோ. கம்ப்யூட்டர் ஆர்வம் இருக்கிற தம்பி யாராவது ஓபன்டபிள்யூஆர்டி போடலாம்க்கான்னு கேட்டா, நல்ல யோசனைதான். லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டரோட மூல நிரல் வெளியே வந்ததை வச்சு 2004ல தொடங்கி இன்னைக்கும் உயிரோட இருக்கிற இலவச மென்பொருள் அது. ஆனா 4 எம்.பி ஃபிளாஷ், 32 எம்.பி ராம் இருக்கிற பெட்டிகளுக்கு இப்போதைய வெர்ஷன் வராது. நம்ம வீடுகள்ல நிறைய கிடக்கிற டிபி-லிங்க் 841என்-ல பழைய வெர்ஷன் பலதும் இந்தக் கணக்குலதான் வரும். அதுக்கு கம்பெனி ஃபர்ம்வேரே இருக்கட்டும்.

இதுல எதுக்குமே தேறாத பெட்டின்னா யாருக்காவது கொடுக்கவோ, எலக்ட்ரானிக் கழிவு எடுக்கிற இடத்துல போடவோ முன்னாடி ஒருதடவை ரீசெட் பட்டனை அழுத்திடு. உன் பழைய வைஃபை பாஸ்வேர்டு அதுக்குள்ள அப்படியே உட்கார்ந்திருக்கும். அடாப்டர் நல்லா இருந்தா அதை மட்டும் தனியா எடுத்து வை, ஸ்டிக்கர்ல வோல்ட் தெரியற மாதிரி.